அம்மி கற்பித்த அறம்



2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் நம் இல்லத்தில் மின்சாரம் இல்லை. மிக்ஸி ஓய்ந்தது, தாழ்வாரத்து அம்மியை நாடினோம். கதிரவன் மறையுமுன் உண்ணும் விரதம் நமக்குண்டு. பொழுது சாய்கிறதே என்னும் பதற்றத்தில் கல்லைத் துடையாமலே அரைத்தோம். குழவியை நிமிர்த்தியபோது, மழைக்கு அஞ்சி அங்கு ஒதுங்கிய எறும்புகள் நசுங்கிக் கிடக்கக் கண்டோம். ஒரு விரதத்தைக் காக்க முனைந்து மற்றொன்றை இழந்தோம்! அன்று நாம் உண்ணவில்லை.

உரல், திரிகை, அடுப்பு, துடைப்பம், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தில் உயிர்க்கொலை நிகழும் இடங்கள் என்பர் ஆன்றோர். ஆதலின் கைக்கருவி என்பதனாலேயே அது கொல்லாமை ஆகிவிடாது. ஆயினும் கை மெல்ல இயங்கும். கண் அதனைத் தொடரும். மனம் விழித்திருக்க இடமுண்டு. மிக்ஸியின் மூடிக்குள் நிகழ்வதை நாம் என்றேனும் நோக்கியதுண்டா?

மறுநாள் விடிந்தபின், மென்துணியால் கல்லைத் துடைத்து, நீரை வடிகட்டி, வெளிச்சத்திலேயே அரைத்து முடித்தோம். மின்சாரம் மீண்ட பின்னரும் அம்மியை விடவில்லை.

‘பார்த்து எழுது’ என்று பிள்ளைகளுக்குப் பல்லாண்டு கற்பித்த நமக்கு, ‘பார்த்து அரை’ என்று அம்மி கற்பித்தது. கருவி எதுவாயினும், முதலில் கண் செல்க. பின்னர்க் கை செல்க.

அறம் வளர்க!