பன்னிரண்டாம் இடத்துக்கு அஞ்சாதே!

2009 பிப்ரவரி இறுதி. பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் உலக ஜூனியர் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி. ஜப்பானிலிருந்து 14 வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். மூன்று மாதங்களுக்கு முன்புதான் தன் நாட்டின் ஜூனியர் சாம்பியன் பட்டத்தை வென்றவன். முடிவுப் பட்டியல் வெளியானது. முதல் பத்துப் பெயர்களில் அவன் பெயர் இல்லை. பன்னிரண்டாவதாக இருந்தது.

சொந்த நாட்டில் முதலிடம், உலகத்தில் பன்னிரண்டாமிடம்.

தம்பி, தங்கை, இந்த வலி உனக்குத் தெரியும். பள்ளியில் நீதான் முதல் மாணவன். கல்லூரிக்குப் போன முதல் வாரத்திலேயே, உன்னைப் போல அறுபது முதல் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாய். அன்று இரவு ஒரு குரல் காதில் சொல்கிறது: “உன் உயரம் இவ்வளவுதான். பேசாமல் இறங்கிவிடு.”

அந்தக் குரலை நம்பாதே! அது பொய் சொல்கிறது!

அந்தப் பையனின் பெயர் யுசுரு ஹன்யூ. ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பிள்ளை. இரண்டு வயதிலேயே ஆஸ்துமா. மூச்சு வாங்கும் நெஞ்சோடு நான்கு வயதில், அக்காவின் பின்னாலேயே போய்ப் பனித்தளத்தில் கால் வைத்தான். அவன் பழகிய அரங்கத்தை 2004-இல் பணப் பிரச்சினையால் மூடிவிட்டார்கள். 2007-இல்தான் அது மறுபடி திறந்தது. வளரும் வயதில் பயிற்சி நேரம் சுருங்கிப் போனது. சாக்குச் சொல்ல நினைத்திருந்தால் அவனிடம் மூட்டை மூட்டையாகச் சாக்கு இருந்தது. அவன் ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

இந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார். பூட்ஸின் அடியில் இருக்கும் எஃகுக் கத்தியின் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர். அதன் நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு கூர்விளிம்புகள். உடம்பின் முழு எடையையும் அதில் ஒரு விளிம்பின் மேல் நிறுத்தித்தான் பறக்க வேண்டும், இறங்கவும் வேண்டும். ஆக்ஸல் என்றொரு தாவல் உண்டு. மற்ற தாவல்களில் எல்லாம் பின்பக்கமாக ஓடி எழும்புவார்கள். ஆக்ஸலில் மட்டும் முன்னோக்கிப் பாய்ந்து, பின்னோக்கி இறங்க வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடுதல். ட்ரிபிள் ஆக்ஸல் என்றால் மூன்றரைச் சுற்று. ஒரு நொடிகூட முழுதாகக் கிடைக்காத நேரத்தில் அத்தனையும் காற்றிலேயே சுற்றி முடித்து, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் நம் பெரியவர்கள். அடி சறுக்குவதையே அன்றாட வேலையாக வைத்திருக்கும் பிள்ளைகள் இவர்கள்! பனித்தளத்துக்கு வரும் குழந்தைக்கு முதல் பாடமே எப்படி விழுவது, எப்படி எழுவது என்பதுதான். போட்டியில் விழுந்தால் மதிப்பெண் குறையும். ஆனால் இசை நிற்காது. முழங்காலில் பனித்தூள் ஒட்டியிருக்க, அடுத்த தாளத்துக்குள் எழுந்து அடுத்த தாவலுக்கு ஓடியாக வேண்டும். ஏன் விழுந்தோம் என்று யோசிக்க வீட்டுக்குப் போனபின் நேரம் இருக்கிறது.

உன் வாழ்க்கையிலும் இசை நிற்காது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால், பாட்டு முடிந்துபோகும்!

ஹன்யூ உட்காரவில்லை. அடுத்த பருவம் தொடங்கியது. போலந்தின் டோருன் நகரில் ஜூனியர் கிராண்ட் ப்ரீ: முதலிடம். குரோஷியாவில்: முதலிடம். ஜப்பான் ஜூனியர் போட்டி: முதலிடம். 2009 டிசம்பரில் டோக்கியோவில் ஜூனியர் கிராண்ட் ப்ரீ இறுதி: முதலிடம். 2010 மார்ச்சில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அதே உலக ஜூனியர் போட்டி. முதல் சுற்றான ஷார்ட் ப்ரோகிராம் முடிந்தபோது மூன்றாமிடத்தில்தான் இருந்தான். அடுத்த சுற்றில் பாய்ந்து மேலே வந்தான். உலக ஜூனியர் சாம்பியன்! வயது 15. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வருடம்.

இங்கே கதையை முடித்துக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

ஜூனியரில் இன்னும் சில வருடங்கள் ஆட அவனுக்கு வயது இருந்தது. அங்கேயே இருந்து பதக்கம் குவித்திருக்கலாம். இருக்கவில்லை. அடுத்த பருவமே சீனியர் பிரிவுக்குப் போனான். ஜப்பானில் நடந்த என்.எச்.கே. கோப்பையில் நான்காமிடம். ரஷ்யப் போட்டியில் ஏழாமிடம். உலக ஜூனியர் சாம்பியன், வளர்ந்த ஆண்களின் வரிசையில் மறுபடி பின்னால் போய் நின்றான்!

வெட்கமா? இல்லை, அதுதான் வளர்ச்சி! எங்கே நீ எப்போதும் முதலாவதாக வருகிறாயோ, அங்கே நீ கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. ஏழாமிடம் உன் முகத்துக்கு முன்னால் ஆறு ஆசான்களை நிறுத்துகிறது.

பிறகு வந்தது 2011 மார்ச் 11. ஒன்பது என்ற அளவைத் தொட்ட பூகம்பம் வடகிழக்கு ஜப்பானை உலுக்கியபோது, 16 வயது ஹன்யூ செண்டாய் பனித்தளத்தில் பயிற்சியில் இருந்தான். ஸ்கேட்ஸைக் கழற்றக்கூட நேரமில்லை. கத்தி மாட்டிய காலோடே வெளியே ஓடினான். குடும்பத்தோடு முகாமில் தங்கினான். பழகிய அரங்கம் சேதமடைந்து மூடிக் கிடந்தது. என்ன செய்தான்? ஊர் ஊராகப் போய்ப் பனி நடன நிகழ்ச்சிகளில் ஆடினான். கிடைத்த மேடையையே பயிற்சிக் கூடமாக்கினான். 2012-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில், 19 வயதில் தங்கம். இந்த விளையாட்டின் ஆண்கள் தனிப்பிரிவில் ஆசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2018-இல் மறுபடி தங்கம்.

இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர் 2022-இல் பெய்ஜிங்குக்கு எதைக் கொண்டு போனார் தெரியுமா? அதுவரை உலகத்தில் எவரும் போட்டியில் இறங்கிக் காட்டாத நாலரைச் சுற்றுத் தாவல், க்வாட் ஆக்ஸல். தாவினார். விழுந்தார். பதக்கம் இல்லை, நான்காமிடம். ஆனால் அந்தத் தாவலை க்வாட் ஆக்ஸல் முயற்சி என்று சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஏற்றுப் பதிவு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அந்த ஆண்டின் உலக ஜூனியர் சாம்பியனான அமெரிக்காவின் இலியா மாலினின், 17 வயதில் அதைச் சுத்தமாக இறங்கிக் காட்டினான். ஒருவர் விழுந்த இடத்திலிருந்து இன்னொருவன் எழுந்தான்!

அதனால் சொல்கிறேன். மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கிறாயா? நேர்முகத் தேர்வில் நிராகரித்துவிட்டார்களா? அந்த எண் நீ இன்று நிற்கும் படி. நாளைக்கும் அங்கேதான் நிற்பாய் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஒருவேளை, நீ இப்போது முதலிடத்திலேயே இருந்தால், உன்னைத்தான் கூடுதலாக எச்சரிக்கிறேன்: சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்தே காலத்தைக் கழித்துவிடாதே!

இன்றைக்கே ஒரு காரியம் செய். உன்னைவிடத் திறமையானவர்கள் நிறைந்த ஒரு போட்டியைத் தேடி, விண்ணப்பத்தில் உன் பெயரை எழுது. பன்னிரண்டாவதாக வா. பரவாயில்லை. அடுத்த வருடம் அதே வாசலில் போய் நில்!