வழிகாட்டியின் பிழையில் நம் பங்கு

எவரெஸ்ட் பகுதி உள்ளிட்ட நேபாள மலைப்பாதைகளில் நடந்த ஹெலிகாப்டர் மோசடி 2018இல் அரசு விசாரணைக்கு வந்தது. நலமாக இருந்த பயணிகளையும் மிரட்டி ஹெலிகாப்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரே பறப்பில் பலரை அழைத்துவந்து, ஒவ்வொருவரின் காப்பீட்டிலும் முழுத்தொகை கேட்டிருக்கிறார்கள். உணவில் சமையல் சோடா கலந்து வயிற்றைக் கெடுத்ததாகவும் சில வழிகாட்டிகள்மீது புகார் எழுந்தது.

அந்த வழிகாட்டிகள் செய்தது துரோகம். வறுமை அதற்குச் சமாதானம் ஆகாது. ஆனால் பெரும்பழி, அடக்கவிலைக்கும் குறைவாகப் பயணத்தை விற்ற நிறுவனங்களையும், அந்த விலையிலும் பேரம் பேசி வாங்கிய நம்மையுமே சேரும்.

விற்பனையில் விட்டதை ஹெலிகாப்டர் மீட்புக்குக் கிடைக்கும் கமிஷனில் பிடிப்பதுதான் அந்த வியாபாரத்தின் கணக்கு. 5,164 மீட்டர் உயரத்திலுள்ள கோரக்‌ஷேப்பில் ஒருவருக்குத் தலை வலித்தால், ஓய்வு போதுமா, உடனே கீழிறங்க வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் வழிகாட்டி. அந்த வாக்கில் ஓர் உயிர் நிற்கிறது. அவருடைய கூலியைக் குறைத்துக் கமிஷனைக் காட்டுகிறவர்கள் அந்த வாக்கையே விலைபேசுகிறார்கள்.

நம் முன்னோர் வழிகாட்டலை அறமாகக் கண்டவர்கள். மலைபடுகடாம் நன்னனின் மலைக்குச் செல்லும் கூத்தருக்கு வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது. மதுரைக்குத் துணைவந்த கவுந்தியடிகள், கோவலனும் கண்ணகியும் அடைந்த கதியறிந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். கங்கையைக் கடத்திவிட்ட குகனைத் தம்பியாகவே ஏற்றான் கம்பனின் இராமன். செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். துணைவருபவருக்குக் கடமை உண்டென்றால், துணை பெறுபவருக்கும் உண்டு.

அந்தக் கடமையை உலகம் எப்படிச் செய்தது? 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் சரிந்த பனி, பிறரின் ஏற்றத்துக்காக உழைத்த 16 நேபாளிகளைக் கொன்றது. குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்பதே அரசின் முதல் அறிவிப்பு. உடன் உழைத்தவர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன?

மலிவான பயணம் எளியோருக்கும் மலையைத் திறக்கிறது, ஊராருக்கும் பிழைப்பு தருகிறது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் அந்த மலிவை இன்னொருவரின் வயிற்றிலிருந்து எடுக்க நமக்கு உரிமையில்லை.

மலையேறப் பணம் கட்டும்முன் வழிகாட்டிக்கும் சுமைதூக்குபவருக்கும் என்ன கூலி, என்ன காப்பீடு என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள்.