நம் சுமை யார் தோளில்?

பொருளை அளவோடு வைத்துக்கொள்ளுமாறு அறநூல்கள் இல்லறத்தாருக்கு விதிக்கின்றன. அந்த அளவை எங்கே நின்று அளப்பது? நம் கைப்பையைப் பார்த்தா, வீட்டு அலமாரியைப் பார்த்தா, நமக்காகச் சுமப்பவருடைய முதுகைப் பார்த்தா? வரும் தை மாதத்தில் ஆதம்பாக்கத்திலிருந்து நம்மவர் பதினாறு பேர், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், பொன்னூர் மலையடிவாரத்தில் கூடாரமிட்டு இரண்டு இரவுகள் தங்குவதென முடிவு செய்திருக்கிறோம். அதற்கான ஆயத்தங்களில் ஈடுபட்டிருக்கும் இந்நாள்களில் இவ்வினா நம்மை விடாமல் பின்தொடர்கிறது.

ஓய்வு பெற்றவர்க்குப் பொழுது போவதே அரிது என்று பிறர் எண்ணுவர். விடியலில் எழுதல், பால் பாக்கெட்டை எடுத்து வைத்தல், ஜினாலய தரிசனம், ஏரிப் பக்கமாகச் சிறிது நடை, நாளிதழ், மாத்திரைகள், கதிரவன் மறையுமுன் உணவு, அந்தியில் சாமாயிகம் என நம் நாள் தானே நிரம்பிவிடுகிறது. இவ்வளவு எளிய நாளை நடத்துவதற்கு எத்தனை பொருள்கள் துணை நிற்கின்றன என்பது வீட்டிலிருக்கும் வரையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு இரவு வெளியில் தங்க வேண்டும் என்றவுடன் மாற்று மூக்குக் கண்ணாடி, முழங்காலுக்குக் கட்டும் பட்டை, வெந்நீர் ஒத்தடப் பை, உயரம் குறையாத தலையணை என்று ஒவ்வொன்றும் தன் உரிமையைக் கோரிக்கொண்டு முன்னே வந்து நிற்கிறது.

பொன்னூர் மலை வந்தவாசிக்கு அருகிலுள்ளது. ஏலாச்சாரியார் என்றும் வழங்கப்பெறும் குந்தகுந்தாச்சாரியார் தவமிருந்த மலையென நம் மரபு போற்றுவது. அவருடைய திருவடிகள் மலைமேல் வழிபடப்பெறுகின்றன. நம்முள் பலருடைய சொந்த ஊர்களும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலேயே உள்ளன. வழக்கமாகக் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடுவோம். இம்முறை இளையோர் சிலர், முனிவர்கள் வானத்தின் கீழ்த் தங்கிய இடத்தில் நாமும் ஓரிரு இரவு தங்கிப் பார்க்கலாமே என்றனர். வீட்டிலுள்ள வசதிகளை விட்டு, ஒரு சிறு எல்லைக்குள், கையிலுள்ளதைக் கொண்டு நிறைவோடு இருத்தல் தேசவிரதத்திற்கு அணித்தாயிற்றே என்று மூத்தோரும் இசைந்தோம்.

பட்டியல் மூன்று முறை எழுதப்பெற்றது. முதற்பட்டியலில் ஆளுக்கு இரண்டு பைகள். இது யாத்திரையன்று, வீடு மாற்றுதல் என்று ஒருவர் நகைத்தார். ஆகவே இரண்டாம் பட்டியலில் ஒரு நியதி வகுத்தோம்: ஆளுக்கு ஒரே பை, ஆறு கிலோவுக்கு மிகாமல், வேனிலிருந்து கூடாரம் வரை அவரவரே தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அனைவரும் மகிழ்ச்சியோடு குறைத்தனர். பரிமித பரிக்கிரகம் கைகூடிவிட்டது போன்ற நிறைவு எல்லார் முகத்திலும் தெரிந்தது. மூன்றாம் பட்டியல் வேனில் ஏற்ற வேண்டியவற்றைக் கணக்கிட எழுதியது. அங்கேதான் வியப்பு. பைகள் சிறுத்தன, வேனின் பாரம் சிறுக்கவில்லை. ஒவ்வொருவர் பையிலிருந்தும் வெளியேறியவை யாவும் ‘பொது’ என்னும் தலைப்பின் கீழ் மீண்டும் குடிபுகுந்திருந்தன: பிளாஸ்டிக் நாற்காலிகள் பன்னிரண்டு, மடக்குக் கட்டில்கள் நான்கு, எரிவாயு உருளை இரண்டு, பெரிய பிளாஸ்க் மூன்று, தண்ணீர் கேன்கள், மெத்தைகள். எண்களை இடம் மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை மாறாது என்பது தொடக்கப் பள்ளியிலேயே நாம் கற்பிக்கும் பாடம்.

அந்தப் ‘பொது’ப் பட்டியலின் அடியில், வாளிக்கும் கயிற்றுக்கும் கீழே, ‘ஆள்: சமையலுக்கு ஒருவர், எடுபிடிக்கு ஒருவர், ஓட்டுநர் இருவர்’ என்றிருந்தது. கூடாரங்கள் எட்டு, இருவருக்கு ஒன்று வீதம் பதினாறு பேருக்குச் சரியாக இருந்தன. அந்த நால்வர் எங்கே படுப்பர் என்று மூன்று பட்டியல்களில் எதிலும் இடம் இல்லை. எவரும் தீய எண்ணத்தால் விட்டதன்று. பொருள்களின் வரிசையில் எழுதப்பட்ட மனிதர்க்கு உறக்கம் உண்டென்பது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. ஆயினும் அந்த மறதியைத்தான் நாம் ஆராய விரும்புகிறோம்.

இதைக் கூறியபோது நம் நண்பர் ஒருவர் சாத்திரத்தைக் கொண்டே விடையளித்தார். பற்றே பரிக்கிரகம் என்பது உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். “எனக்கு நாற்காலியின் மேல் பற்று ஏது? இருந்தால் உட்காருவேன், இல்லாவிட்டால் தரையில். பிறகு அதை ஏன் என் கணக்கில் எழுத வேண்டும்?” என்றார். இலக்கணம் சரியானதே. ஆனால் பற்றில்லை என்று சொல்லிக்கொண்டு அமர்வதற்கும் அதே நாற்காலிதான் தேவைப்படுகிறது. அதை யாரோ ஒருவர் வேனின் கூரைமேல் ஏற்றி இறக்க வேண்டியும் இருக்கிறது. அகத்தின் அளவுகோலை மட்டும் கைக்கொண்டால் புறத்தே எதையும் குறைக்காமலேயே ஒருவர் துறவியாகிவிடலாம். முன்னோர் இதனை அறியாதவரல்லர்.

ஸமந்தபத்ராச்சாரியார் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்து ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குறைகள், கூறப்பெறுகின்றன. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்களாவன: உறுப்பை அறுத்தல், கட்டி வைத்தல், வருத்துதல், தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். பொருளை வரையறுக்கும் விரதத்திற்கு வருங்கால் அங்கும் ஐந்து சொல்லப்பெறுகின்றன: அளவு கடந்து வண்டி மாடுகளை ஓட்டுதல், அளவு கடந்து சேர்த்து வைத்தல், பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தல், உலோபம், அளவு கடந்து பாரம் சுமத்துதல். பாரம் இரண்டு இடத்திலும் வருகிறது. கொல்லாமையின் கீழ் ஒரு முறை, பொருளளவின் கீழ் மறுமுறை. சுருங்கச் சொல்வதையே பெருமையாகக் கொண்ட நூலாசிரியர் ஒரே குற்றத்தை இரு முறை எண்ணியது காரணமின்றி இராது. மிகுதியாகப் பொருள் வைத்திருப்பவன் அதனைத் தானே தூக்குவதில்லை. அவனுடைய மிகுதி மற்றோர் உயிரின் முதுகில் சென்று அமர்கிறது. அந்த முதுகின் பக்கமிருந்து பார்த்தால் அது ஹிம்சை. உடையவன் பக்கமிருந்து பார்த்தால் பரிக்கிரகம். நாம் இவ்விரு விரதங்களையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்துப் பழகிவிட்டோம்.

அந்நாளில் பாரம் சுமந்தவை பெரும்பாலும் எருதுகள். வண்டி மாடுகள் நம் தெருக்களிலிருந்து மறைந்ததால் அதிபாரம் என்னும் குற்றமும் நம்மை விட்டு மறைந்துவிட்டதாகக் கருதுகிறோம். எருதின் இடத்தில் இன்று எடுபிடி ஆள் நிற்கிறார்.

“டீச்சர், கூலி கொடுத்துத்தானே அழைத்துச் செல்கிறோம்?” என்று வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலை தராதிருத்தல் அறமாகாது. உழைப்பை விற்று வாழ்வோரிடம் ‘உங்களை வருத்த மாட்டோம்’ என்று கூறி அடுப்பணையச் செய்வது விபரீத அகிம்சை. ஆனால் கூலி எதற்குக் கொடுக்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். சமையலுக்குக் கொடுக்கிறோம். அவருடைய உறக்கத்துக்கும் இடுப்புக்கும் அதில் விலை சேர்ந்திருக்கிறதா? தை மாதத்தில் மாலை ஆறு மணியளவில் கதிரவன் மறைகிறான். பதினாறு பேரும் ஐந்தரைக்குள் உண்டு முடிக்க வேண்டுமாயின், சமைப்பவர் நண்பகல் தொடங்கி அடுப்பருகே நிற்பார். பரிமாறி, பாத்திரம் கழுவிக் கை துடைக்கும்போது இருட்டியிருக்கும். அவர் எப்போது உண்பார்? இரவுண்ணாமை நமது விரதம். அவர் அதை ஏற்றவரல்லர். நம் விரதத்தைக் காக்கும் பொருட்டு அவர் பசித்திருப்பாராயின், உணவையும் நீரையும் தடுத்தல் என்னும் ஐந்தாம் அதிசாரத்தின் வாசலில் நாம் நின்றுகொண்டிருப்போம்.

இங்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முனிவரின் எளிமையையும் பிறர்தாமே தாங்குகின்றனர்? பீலியும் கமண்டலமும் நூலும் தவிர ஏதுமில்லாத திகம்பர முனிவருக்கும் இல்லறத்தார் ஆகாரம் அளிக்க வேண்டியிருக்கிறது. நம் மலைகளிலுள்ள கற்படுக்கைகளும் வேறு கைகளால் அமைந்தவையே. மதுரையை அடுத்த மாங்குளத்தில் கணி நந்தன் என்னும் துறவிக்காக நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி உறையுளை வெட்டுவித்ததாகத் தமிழ்ப் பிராமி எழுத்துக் கூறுகிறது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பழமையானதன் அருகே அதனைச் செய்தளித்த இளையர் என்பவரின் பெயர் பொறிக்கப்பெற்றுள்ளது. ஆக, எவருடைய தோளையும் சாராத எளிமை உலகில் இல்லை.

மறுப்பை ஏற்கிறோம். ஏற்றபின்னும் ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது. முனிவர் தமக்கென்று சமைக்கச் சொல்வதில்லை. தம்மைக் கருதிச் சமைத்தது என்று அறிந்தால் ஏற்பதுமில்லை. இல்லறத்தான் ஏறும் பதினொரு படிகளில் இறுதிப் படிக்கே உத்திஷ்ட தியாகம் என்று பெயர். தன்னை உத்தேசித்து ஆக்கிய உணவை விலக்குதல் அதன் பொருள். முனிவர் நாளுக்கு ஒரு வேளை நின்றபடி, கையையே கலமாக்கி உண்பார். அழைப்பார் இல்லையெனில் வாய் திறவாமல் திரும்புவார். கொடுப்பவருக்கு அவர் எக்கட்டளையும் இடுவதில்லை. படுக்கை அமைத்தவர் பெயர் கல்லிலேயே நிற்கிறது; ‘பொது’ என்னும் சொல்லுக்குள் அது மறைந்து போகவில்லை. முனிவர்க்குச் செய்யும் தொண்டை வையாவிருத்தியம் என்கிறோம். முதியோராகிய நம் பையை இளையோர் வாங்கிச் சுமக்கும்போது அதையும் அப்பெயரால் அழைத்து வாழ்த்துகிறோம். இளையோர் செய்வது நன்றே. அதைப் பெறும் நமக்கு முனிவரின் தகுதி வந்துவிட்டதா என்பதை மட்டும் வாழ்த்துமுன் எண்ணிப் பார்க்கலாம்.

பயண ஆயத்தம் எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்குத் தமிழில் கவுந்தியடிகளினும் சிறந்த ஆசான் இல்லை. நாடுகாண் காதையில் அவர் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது எடுத்துக்கொள்வன பிச்சைப் பாத்திரம், தோளில் ஓர் அறுவை, கையில் பீலி, இவ்வளவே. அவர் கோவலனுக்குச் சொல்லும் எச்சரிக்கைகளோ நீளமானவை. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும் என்பார். கண்ணகி இடறுவாளே என்னும் கவலை அது. வயல் வழியே சென்றால் மலரோடு வண்டையும் அறியாமல் மிதித்துவிட நேரும், நீரோடு தேனையும் பருகிவிட நேரும், கால்வாய்க் கரையில் நண்டும் நத்தையும் மிதிபட்டு இறக்க நேரும், அத்துன்பம் தாங்கலாகாது என்பார். தமக்கு என்ன வேண்டும் என்பதில் மூன்று பொருள். பிறர்க்கு என்ன நேரும் என்பதில் இத்தனை. நம் பட்டியல்களில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது.

உடம்பும் சுமையே. கிர்நார் மலையில் முதியோரை டோலியில் தூக்கிச் செல்வோர் ஏறுபவரின் எடைக்கேற்பக் கூலி வாங்குவர். பலருக்கு இது நாணத்தைத் தருகிறது. நமக்கோ அதனினும் நேர்மையான ஏற்பாடு தோன்றவில்லை. அங்கே சுமை மறைவதில்லை. இன்னார் உடம்பு இத்தனை கிலோ, இதனை இன்னார் தூக்குகிறார் என்று வெளிப்படையாகத் தெரிந்துவிடுகிறது. நேமிநாதரைத் தரிசிக்க விழையும் முதியவரைத் தடுக்கவும் மனம் வரவில்லை. அத்தோள்களின் தழும்பை மறக்கவும் மனம் வரவில்லை. பொன்னூர் சிறிய மலை. ஏற இயன்றவர் ஏறுவோம். இயலாதவர் அடிவாரத்திலிருந்தே கைகூப்புவோம் என்று முடிவாகியிருக்கிறது.

பட்டியல் இப்போது நான்காம் முறையாக எழுதப்படுகிறது. ‘பொது’ என்னும் தலைப்பை நீக்கிவிட்டோம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இருவர் பெயர்: யாருக்காக, யார் தூக்குகிறார். நாற்காலி பன்னிரண்டிலிருந்து நான்காயிற்று. மூட்டு வலியால் தரையில் அமர இயலாதவர் நால்வர். அவர்தம் பெயரோடு அவை வருகின்றன. முழங்கால் தேய்வு குற்றமன்று, அதை மறைத்து எழுத வேண்டுவதுமில்லை. கட்டில்கள் நின்றன. மெத்தைக்குப் பதில் கோரைப் பாய். கொசுவுக்குச் சுருளும் மின்மட்டையும் வேண்டாம், வலை போதும். இரவில் தீ மூட்டிச் சுற்றி அமரலாம் என்று பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டனர். விட்டில்கள் விழும் என்று மறுத்தோம், சிறிது முகம் வாடினர். கூடாரம் அடிக்குமுன் எறும்புப் புற்று உள்ளதா என்று பார்த்து, மென்மையான துடைப்பத்தால் தரையைப் பெருக்கும் பணியை அவர்களுக்கே கொடுத்திருக்கிறோம். கிணற்று நீரை வடிகட்டிய துணியை அலசி, அந்நீரை அதே கிணற்றில் விடும் முறையையும் அங்கேயே கற்பிக்கலாம்.

மாலை உணவை ஒரே வகைக் கலந்த சாதத்தோடு நிறுத்திக்கொள்வதால் சமைப்பவர்க்கு இரண்டு மணி நேரமாவது மிஞ்சும். அவரும் எடுபிடித் தம்பியும் நம்மோடு ஒரே நேரத்தில் உண்ண வசதியாக, பரிமாறுதலை நம்முள் நால்வர் ஏற்றனர். இருவருக்கும் ஒன்பதாவது கூடாரம் கேட்டு வாங்கியாயிற்று. ஓட்டுநர் இருவரும் வேனிலேயே படுத்துக்கொள்வதாகக் கூறுகின்றனர். விருப்பத்தால் அப்படிக் கூறுகின்றனரா, கூச்சத்தாலா என்பதைப் புறப்படுமுன் தனியே கேட்டறிய வேண்டும். பத்தாவது கூடாரத்திற்கான இடத்தைப் பட்டியலில் இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறோம்.