எச்சிலிலை யாருடையது?

ஈகையிற் சிறந்தது உணவீகை என்பது தமிழரின் பழங்கொள்கை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவாயினும், திருமணமாயினும், சங்கத்தின் ஆண்டு விழாவாயினும், வந்தோர்க்கெல்லாம் இலையிட்டுச் சோறு படைக்காமல் நம்மவர் எதனையும் முடிப்பதில்லை. இவ்வழக்கத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை, பெருமையுடன் போற்றுகின்றோம். ஆயினும், இவ்வறத்தின் பின்னே ஒரு கேள்வி நிற்கின்றது. உண்டபின் எஞ்சிய இலையும், சிந்திய சோறும், வீசியெறிந்த குவளையும் யாருடையவை? படைத்தவருடையவையா, உண்டவருடையவையா, அன்றி மறுநாட்காலை துடைப்பத்துடன் வரும் துப்புரவுத் தொழிலாளியுடையவையா? கொடுத்தவர் கையை விட்டு உணவு நீங்கியவுடனே அறம் நிறைவெய்தி விடுகின்றதா? இதுவே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

பத்துமலையில் 1892-ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. இலட்சக்கணக்கானோர் கூடும் அவ்விடத்தே தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானப் பந்தல்களும் வரிசையாய் எழுகின்றன. மோர் வழங்கியவர் புண்ணியம் பெற்றோமென மகிழ்கின்றார். குடித்தவரோ பத்தடி நடந்து குவளையை மண்ணில் எறிகின்றார். பினாங்கில் தேர் வரும் வீதிகளிலே தேங்காய்கள் குவியல் குவியலாய் உடைக்கப்படுகின்றன. உடைப்பவர் கணக்கில் அது நேர்த்திக்கடன். நகராண்மைத் தொழிலாளியின் கணக்கிலோ தேர் நகருமுன் வாரித் தீர்க்கவேண்டிய சுமை.

“கூட்டுவதற்குத்தான் கூலி கொடுக்கின்றார்களே!” என்பர் சிலர். கூலி உழைப்புக்கு விலையாகுமேயன்றி, ஒருவன் தலையில் நம் அசட்டையைச் சுமத்துவதற்கு உரிமையாகாது. குப்பை அள்ளுதல் இன்ன பிறப்பினர்க்கே உரியதென ஒரு காலத்தில் வகுத்தோம். அள்ளியவரைத் தொடலாகாதெனவும் விதித்தோம். அக்கொடுமையை வெறுப்பதாக மேடைதோறும் முழங்கும் நாம், அதனை ஈன்ற மனப்பான்மையை மட்டும் பத்திரமாய்ப் போற்றி வைத்திருக்கின்றோம். இன்று பல இடங்களில் துடைப்பம் பிடிப்போர் கடல் கடந்து பிழைக்க வந்த அயல்நாட்டார். நம் பாட்டன்மாரும் அவ்வாறே கப்பலேறி வந்தவர் என்பதை மறந்தோமா?

நிற்க. அழுக்கென்பது யாது? வாழையிலையும் அதில் மிஞ்சிய சோறும் தனியே இருப்பின் எருவாகும். கழுவிய பிளாஸ்டிக் புட்டியும் தகரக் குவளையும் தனியே இருப்பின் ஆலைக்கு மூலப்பொருளாகும். இவையனைத்தையும் ஒரே பையிலிட்டுச் சாம்பாரையும் ஊற்றிக் கட்டிவிட்டால், புட்டியை வாங்குவாரில்லை. இலையும் மண்ணைச் சேர்வதில்லை. குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகி, மீத்தேன் என்னும் வாயுவைக் கக்குகின்றது. எடைக்கு எடை நோக்கின், அவ்வாயு நூறாண்டுக் காலத்தில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. ஆகவே, அழுக்கு பொருளோடு பிறப்பதன்று. நம் கையால் ஆக்கப்படுவது. ஆக்குபவர் மேலோராம், அகற்றுபவர் கீழோராம்! இதனினும் தலைகீழான நீதி உண்டோ?

தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஒன்றைக் கண்டறிந்துள்ளோம். ஆலைக்குச் செல்லும் செம்பனைக் குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, பழம் நீங்கிய வெறுங்குலையாய் எஞ்சும். முன்னாளில் அதனை எரித்துச் சாம்பலாக்கினர். பின்னர் மரங்களினிடையே பரப்பலாயினர். அது மண்ணின் ஈரத்தைக் காத்து, மெல்ல மக்கி, பொட்டாசியச் சத்தைத் திரும்பவும் வேருக்கு அளிக்கின்றது. இலாபம் நாடும் முதலாளி எஞ்சியதையும் ஏட்டில் எழுதுகின்றான். புண்ணியம் நாடும் நம் விருந்துக் கணக்கிலோ அரிசிக்கும் காய்கறிக்கும் பத்தி உண்டு, எஞ்சியதற்குப் பத்தியில்லை.

செய்யத்தக்கது அரிதன்று. முதலாவது, வருவோரை எண்ணிச் சமைத்தல். எருவாக்குதல் மிஞ்சியதற்கு மருந்தேயன்றி, அளவின்றிச் சமைப்பதற்கு அனுமதியன்று. இரண்டாவது, வீசும் குவளைக்கு மாறாகக் கழுவி வைக்கும் எவர்சில்வர் குவளை. மூன்றாவது, பந்தலின் வாயிலில் இலைக்கும் சோற்றுக்கும் ஒன்று, புட்டிக்கும் தகரத்திற்கும் ஒன்று, ஏனையவற்றிற்கு ஒன்று என மூன்று தொட்டிகள். அருகே வழிகாட்ட ஓர் இளைஞர். இலையை நறுக்கி, ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகோ மரத்தூளோ கலந்து குவித்து, சோற்றை நடுவில் மறைத்து, மழை நனையாமல் மூடி, வாரந்தோறும் கிளறிவரின், குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி நோய்க்கிருமிகள் மடியும். சில மாதங்களில் கோயில் நந்தவனத்திற்கு நல்லெரு கிடைக்கும்.

மலேசியாவில் 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், வீட்டுக் குப்பையைப் பிரித்து வைத்தல் 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் கட்டாயமாயிற்று. சிங்கப்பூரிலோ, 1999-இல் திறக்கப்பட்ட செமாக்காவ் குப்பைத் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடுமென மதிப்பிட்டுள்ளனர். வீட்டில் அபராதத்திற்கு அஞ்சிப் பிரிப்பவர் திருவிழாவில் அனைத்தையும் கலந்தெறிவாராயின், அவரிடம் உள்ளது அச்சமேயன்றி அறமன்று.

அன்பர்களே! இலையிட்டவருக்கும் உண்டவருக்கும் அவ்விலை மண் சேரும்வரை பொறுப்புண்டு என்பதே நம் முடிபு. ஆலயத் தலைவர்களும் சங்கச் செயலாளர்களும் பந்தலில் முதற்கரண்டி பிடிக்க முந்துகின்றனர்; நன்று. அடுத்த திருவிழாவில், கடைசிக் கூடையைச் சுமக்கவும் அவர்களே முந்தட்டும். அன்று அக்கூடை இழிவின் சின்னமாயிராது. விருந்தின் கடைசிப் பந்தியாயிருக்கும்.