ஒரு தலைக்கு இரு குடையா?

ஒரு தலைக்கு இரு குடை எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வியிலே நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கொட்டும் மழையிலே நனைந்து நிற்கிறான் ஒருவன். அவனுக்கு எதிரே, கைக்கொரு குடையாகப் பிடித்து நிற்கிறான் மற்றொருவன். காண்போர் நெஞ்சம் எவன் பக்கம் சாயும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் தோழர்களே, தோற்றம் வேறு, உண்மை வேறு என்று ஊருக்கு எடுத்துரைக்கும் நாம், இந்தக் கேள்வியையும் உரைகல்லிலே தேய்த்துப் பார்த்தல்லவா ஏற்க வேண்டும்?

யார் அந்த இரு குடைக்காரர்? திருப்பூருக்கு வந்து பாருங்கள். அவிநாசிச் சாலையிலும் பல்லடம் சாலையிலும் பனியன் கம்பெனிகளின் வாயிலிலே காவல் நிற்போரிலே, முன்னாளில் பட்டாளத்திலே இருந்தவர்களும் உண்டு. சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, நாற்பதை எட்டுமுன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார். படை ஓய்வு கொடுத்துவிடுகிறது, பசி கொடுப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் திருமணம், பெற்றோரின் முதுமை என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்க, எல்லையைக் காத்தவர் நூல் மூட்டைகளையும் துணிப் பொதிகளையும் காக்க வருகிறார்.

அவரிடம் மருத்துவ அட்டைகள் இரண்டு. ஒன்று, 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் அட்டை. மற்றொன்று, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிப் பிறந்த ஈ.எஸ்.ஐ. அட்டை. இரண்டும் அரசாங்கம் அமைத்தவை. இரண்டும் மருந்து தருபவை. "ஒன்றை விட்டுக் கொடுக்கட்டுமே! ஏழைக்கு ஒன்றுமில்லை, இவருக்கு இரண்டா?" என்கின்றனர் சிலர்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் மறுமொழியை முதலில் பார்ப்போம். "அவர் நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர், தியாகி, இரண்டென்ன, பத்துக் கொடுத்தாலும் தகும்" என்பது அது. கேட்க இனிக்கிறது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால், இந்த வாதத்தை ஏற்பதற்கில்லை.

ஏன்? நன்றி என்பது போர்க்காலத்திலே பெருகி, அமைதிக் காலத்திலே வற்றும் ஆறு. 1962இலும், 1965இலும், 1971இலும், 1999இலும் அது கரைபுரண்டு ஓடிற்று. மாலைகள் விழுந்தன, மேடைகள் முழங்கின. எனினும், படை மருத்துவமனையிலே இடமிருந்தால் சிகிச்சை என்ற நிலையைக் கடந்து, ஊர்ப்புறத்திலே வாழும் ஓய்வுபெற்ற வீரனையும் எட்டும் தனித் திட்டம் ஒன்று பிறக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொங்கு மண்ணிலே நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. மாண்டவனுக்குக் கல் நட்டுப் படையலிட்ட சமுதாயம், காயத்தோடு மீண்டவனுக்கு என்ன செய்தது என்று அந்தக் கற்கள் சொல்வதில்லை. போற்றுதல் எளிது; பொறுப்பேற்றல் அரிது!

மேலும் ஓர் ஆபத்து. தியாகத்தை அளவுகோலாக்கினால், உடல்களுக்குள்ளே உயர்வு தாழ்வு வகுத்தவர்களாவோம். வீரனின் உடல் விலையுயர்ந்தது, தையற்காரியின் உடல் மலிவானது என்றாகும். பஞ்சுத் தூசியை நாளெல்லாம் மூச்சோடு இழுப்பவரின் நுரையீரலும், சாயப்பட்டறையிலே இரசாயனத்தில் கைதோய்த்து நிற்பவரின் தோலும் நாட்டின் செல்வத்திற்காகத் தேய்ந்தவை அல்லவா? பிறப்பால் உயர்வு தாழ்வு பேசியவர்களை எதிர்த்து நின்ற நாம், புகழால் உயர்வு தாழ்வு பேசலாமா?

ஆகவே, வீரர் என்பதற்காக அல்ல. உழைப்பாளி என்பதற்காகவே அவருடைய உரிமையை நாம் பேச வேண்டும். அவர் இரு முறை உழைத்தவர். முதல் உழைப்பு படையிலே. அங்கே அவருடைய கூலி மாதச் சம்பளத்தோடு முடியவில்லை. ஓய்வூதியமும் ஓய்வுக்காலச் சிகிச்சையும் அந்தக் கூலியின் பிற்பகுதி. வேலை வாங்கியவர் பின்னர் தீர்க்க ஒப்பிய கடன். கடனைத் திருப்பித் தருவதைக் கருணை என்று எந்த அகராதியிலும் எழுதவில்லை. இரண்டாம் உழைப்பு ஆலை வாயிலிலே. அதற்குரிய காப்பு ஈ.எஸ்.ஐ.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஆசிரியன் அல்லவா! 2019 ஜூலையில் வகுக்கப்பட்ட விகிதப்படி, தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் ஈ.எஸ்.ஐ.க்குச் செலுத்த வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் காவலாளியின் பங்கு 90 ரூபாய், முதலாளியின் பங்கு 390, ஆக 480. ஆண்டுக்கு 5,760 ரூபாய். இது வானத்திலிருந்து விழுந்த வரமா? அவருடைய உழைப்பின் பெயரால் கட்டப்பட்ட பணம்! அவர் நோய்க்குப் படைத் திட்டத்தை நாடினால், ஈ.எஸ்.ஐ.யில் அவருக்காகக் கட்டிய தொகை அவருடைய சிகிச்சைக்குச் செலவாகாமல் பொது நிதியிலே நின்று, பக்கத்து மேசையிலே தைக்கும் பெண்ணின் பேறுகாலத்திற்குப் பயன்படுகிறது. பிறர் பங்கைப் பறிப்பவர் என்று எவரைச் சுட்டினோமோ, அவர் பிறருக்குப் பங்களித்துக் கொண்டிருக்கிறார்!

தவிரவும், இரு குடையும் ஒரே மழைக்கானவை அல்ல. படைத் திட்டம் மருத்துவத்தைத் தரும்; இழந்த கூலியைத் தராது. ஈ.எஸ்.ஐ.யோ, உரிய காலம் பங்கு செலுத்தியவர் நோயுற்றால், கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை தருகிறது. வேலையிலே அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கினால் தொண்ணூறு வீதம் தருகிறது. இரவுக் காவலிலே வழுக்கி விழுந்து கால் முறிந்தவருக்கு, முறிவை ஒட்ட ஒரு கை வேண்டும். அடுப்பெரிய மற்றொரு கை வேண்டும். முன்னதற்கு இரு அட்டைகள் போட்டியிடலாம். பின்னதற்கு ஒன்றுதான் உண்டு.

அப்படியானால் வரம்பே இல்லையா? உண்டு. ஒரே நோய்க்கு, ஒரே சிகிச்சைக்கு, இரு இடத்திலே பணம் பெறுவது திருட்டு. அதைச் செய்பவர் வீரராயினும் திருட்டே. மற்றொரு வரம்பு, ஒரே பொதுப்பணத்திலிருந்து ஒரே காப்பை இரு முறை கேட்கலாகாது என்பது. 2024 அக்டோபர் 29 அன்று, எழுபது வயது நிறைந்தோர் அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி, ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் காப்பு விரிவாக்கப்பட்டது. படைத் திட்டத்திலே இருப்பவர் அதை வைத்துக்கொள்ளலாம், அல்லது இதற்கு மாறலாம். இரண்டும் கிடையாது என்றனர். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கோ இதையும் பெறலாம் என்று வழிவிட்டனர். இந்தப் பாகுபாடு நேர்மையானதே. ஈ.எஸ்.ஐ. பங்குப் பணத்திலே நடப்பது. மற்ற இரண்டிற்கும் வரிப்பணமே பெருந்துணை. உழைத்து ஈட்டிய இரு குடையைப் பிடுங்க எவருக்கும் உரிமையில்லை. மூன்றாவது குடையை இனாமாகக் கேட்க அவருக்கும் உரிமையில்லை.

இனி, நனைந்து நிற்பவனிடம் வருவோம். அவனைக் காட்டித்தானே இவ்வளவு பேச்சும்! அவன் யார்? பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடக்கும் பவர் டேபிள் கூடத்திலே, பீஸ் கணக்கிலே தைப்பவன். கட்டாய ஈ.எஸ்.ஐ.யின் எல்லை பத்துப் பேர் என்பதால், அவன் கதவுக்கு வெளியே நிற்கிறான். பெரிய நிறுவனத்திற்கே தைத்தாலும், ஒப்பந்தக்காரரின் ஏட்டிலே பெயரில்லாததால் அட்டையில்லாதவள் மற்றொருத்தி. காவலாளியின் அட்டையைக் கிழித்துப் போட்டால், அந்தத் துண்டுகள் இவர்களுக்கு மருந்தாகுமா? அவருடைய 480 ரூபாய் இவர்களின் சட்டைப்பைக்கு வருமா? வராது. நனைபவன் நனைந்துகொண்டேயிருப்பான், குடையிழந்தவனும் கூடச் சேர்ந்து நனைவான்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தைப் பாருங்கள். நான்கு ஆண்டு பணிபுரிந்து வெளியேறும் அக்னிவீரருக்கு ஓய்வூதியமும் இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் இல்லை. நாளை அவர்களிலே ஒருவர் திருப்பூர் ஆலை வாயிலிலே நிற்பார். அவரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை ஒன்றுதான் இருக்கும். வேலை போனால் அதுவும் போகும். இரு குடை எதற்கு என்ற கேள்விக்கு மாற்று விடையும் ஒன்று உண்டு என்பதற்கு அவரே சாட்சி: ஒரு குடையும் இல்லாமற் போவது!

விடை இருக்க வேண்டிய திசையை 1946ஆம் ஆண்டிலேயே காட்டினர். சர் ஜோசப் போர் தலைமையிலே, நம் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரையும் உறுப்பினராகக் கொண்டிருந்த குழு, பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று பரிந்துரைத்தது. 1948 ஜூலை 5 முதல் பிரிட்டன் தன் மக்கள் அனைவருக்கும் மருத்துவத்தைப் பொதுவாக்கிற்று. அங்கே எவரும் குடைகளை எண்ணுவதில்லை. தலைக்குமேல் கூரை இருக்கிறது.

எனவே தோழர்களே, அட்டைகளை எண்ணச் சொன்னால் அட்டையில்லாதவரையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். முதியவரின் கையிலிருப்பதைப் பறித்துச் சமத்துவம் படைக்க முனைவோரிடம், இல்லாதவர் கைக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். கூரை அமையும் நாளிலே அந்த முதியவரே இரு குடையையும் மடக்கி மூலையில் வைத்துவிடுவார். கூரை போடாதவர்களுக்கு, குடையைப் பிடுங்க என்ன உரிமை?