ஜப்தியும் வாசற்படியும்

நீதிமன்றம் உறுதிசெய்துவிட்ட கடனைத் தீர்க்காத ஒருவருடைய வீட்டுக்குள் சென்று, அங்குள்ள பொருள்களைக் கைப்பற்றி விற்று, கிடைத்த தொகையைக் கடன் கொடுத்தவரிடம் சேர்ப்பிக்கும் அதிகாரம் பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்யும் நீதிமன்ற ஊழியரை அமீனா என்பர். இங்கிலாந்திலும் வேல்சிலும் அவருக்குப் பெய்லிஃப் என்று பெயர். அமலாக்க முகவர் என்ற புதுப்பெயர் சட்டத்தில் ஏறியிருந்தாலும் மக்கள் வாயில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. ஆயினும் இருவருக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அமீனா அரசுச் சம்பளம் பெறுபவர்; இங்கிலாந்தில் வரிபாக்கிக்காகக் கதவைத் தட்டுபவரோ பெரும்பாலும் நீதிமன்றச் சான்றிதழ் பெற்ற தனியார் நிறுவன ஆள், அவருடைய நிறுவனத்தின் வருவாய் கடனாளியிடம் வாங்கும் கட்டணத்திலிருந்தே வருகிறது. கட்ட முடியாதவர் வீட்டுக்கு இத்தகைய ஒருவரை அனுப்புவது நியாயமா என்பதும், வந்தவருக்குக் கதவைத் திறக்க மறுப்பது நேர்மையா என்பதும் ஒன்றோடொன்று பிணைந்த கேள்விகள்.

கடனாளியின் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு எல்லை வகுக்கும் முயற்சி மிகப் பழையது. 1285ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் கடனுக்காக ஒருவருடைய அசையும் பொருள்களை எடுக்கும்போது உழவு மாடுகளை விட்டுவிட வேண்டும் என்றது. உரிமையியல் கடன், அதாவது குற்றம் சாராத பணத்தகராறு, எதற்காகவும் அரசு அலுவலர் வீட்டின் வெளிக்கதவை உடைக்கலாகாது என்ற கோட்பாட்டை 1604இல் செமெய்ன் வழக்கு நிலைநாட்டியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டு இன்றும் இந்தியாவில் நடைமுறையில் உள்ள 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இதே சிந்தனை தொடர்கிறது. அதன் 60ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் மாடு, விதைநெல் ஆகியவற்றோடு, சமய வழக்கப்படி ஒரு பெண் பிரியக்கூடாத அணிகலனையும், நம் வழக்கில் தாலியையும், ஜப்தியிலிருந்து விலக்குகிறது. 2013இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட விதிகள் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, துணிதுவைக்கும் இயந்திரம், தொலைபேசி, 1,350 பவுண்டு மதிப்பு வரையிலான தொழிற்கருவிகள், வளர்ப்புப் பிராணிகள் என்று பட்டியலை இக்காலத்துக்கேற்ப நீட்டியுள்ளன. கடன்பட்டவருடைய சொத்தின்மீது உரிமை உண்டு, அவருடைய பிழைப்பின்மீது இல்லை என்ற முடிவுக்குச் சட்டம் மெதுவாகவேனும் வந்து சேர்ந்திருக்கிறது எனலாம்.

ஆனால் இந்த நற்பட்டியலே ஒரு முரண்பாட்டையும் தோற்றுவிக்கிறது. எடுக்கக்கூடாதவற்றை எல்லாம் ஒதுக்கிய பிறகு ஓர் ஏழை வீட்டில் எஞ்சுவது பழைய தொலைக்காட்சியும் சில தட்டுமுட்டுச் சாமான்களுமே. அவை ஏலத்தில் வண்டிக்கூலிக்குக்கூடக் காணா. அப்படியிருந்தும் ஆள் அனுப்பப்படுகிறார் என்றால், அங்கே உண்மையில் பணமாக்கப்படுவது பொருளன்று. எடுத்துச்சென்றுவிடுவார்களோ என்ற அச்சமும், அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமும்தான். பொருளுக்குக் காவல் போட்ட சட்டம் மானத்துக்குக் காவல் போடவில்லை.

உள்ளாட்சி மன்றங்கள் வசூலிக்கும் கவுன்சில் வரியில் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. வீட்டின் மதிப்பைக்கொண்டு விதிக்கப்படும் இந்த வரிக்கு இங்கிலாந்தில் இன்றளவும் 1991ஆம் ஆண்டின் மதிப்பீடே அடிப்படை. வருவாய் குறைந்தோருக்கு நாடு முழுவதும் ஒரே சீராகக் கிடைத்துவந்த வரிச்சலுகை 2013 ஏப்ரலில் நீக்கப்பட்டு, உழைக்கும் வயதினருக்கான சலுகையை அந்தந்த மன்றமே முடிவுசெய்யலாம் என்றானபின், அதுவரை ஒன்றும் கட்டவேண்டியிராத பலர் ஒரு பங்கையேனும் கட்டவேண்டியவராயினர். தவணை தவறி, நினைவூட்டலுக்குப் பின்னும் பாக்கி நின்றால், ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதையும் ஒருசேரக் கேட்க விதிகள் இடம்தந்தன. அடுத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றம் பொறுப்பாணை, அதாவது இன்னார் இவ்வளவு தரவேண்டும் என்று உறுதிசெய்யும் ஆணை, பிறப்பிக்கிறது. நூற்றுக்கணக்கானோர்மீது ஒரே அமர்வில் இவ்வாணை பிறப்பிக்கப்படுவது வழக்கம். வரி விதிக்கப்பட்டதும் கட்டப்படாததும் மெய்யானால் ஆணையிட்டே ஆகவேண்டும், கட்ட இயலவில்லை என்பது எதிர்வாதமாக ஏற்கப்படாது. ஒருவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்கக் கடமைப்பட்ட எவரும் இல்லாமலே ஒரு நடைமுறை நீதிமன்றத்தைக் கடந்து வாசற்படிவரை வந்துவிடுவது வியப்புக்குரியது.

இதன்மேல் கட்டணமும் ஏறுகிறது. 2014இல் வகுக்கப்பட்ட அளவுப்படி, கோப்பு நிறுவனத்தின் கைக்குப் போனதும் 75 பவுண்டு, ஆள் நேரில் வந்ததும் 235 பவுண்டு. அந்த அளவுப்படி 300 பவுண்டு வரிபாக்கி வைத்தவர் ஒரே வருகையில் 610 பவுண்டுக்குக் கடனாளியாகிறார். அவர் அரும்பாடுபட்டுச் செலுத்தும் முதல் 75 பவுண்டும் வரிக்கணக்கில் சேராமல் நிறுவனத்துக்கே போகிறது. முந்நூறு இல்லாதவரிடம் அறுநூறு கேட்பதில் அறத்தை விடுவோம், கணக்குகூட இல்லை.

எனினும் மறுதரப்பின் வாதத்தைத் தள்ளிவிட இயலாது. கவுன்சில் வரியைக்கொண்டுதான் முதியோர் பராமரிப்பும் ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்பும் குப்பை அகற்றலும் நடைபெறுகின்றன. ஒருவர் கட்டாமல் விட்ட தொகையை, அவரைப்போலவே நெருக்கடியில் இருந்தும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வரி செலுத்திய அண்டைவீட்டாரே சுமக்கிறார். அன்றியும், சம்பளம் தராமல் ஏமாற்றிய முதலாளிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிய தொழிலாளிக்கும் இறுதியில் துணைநிற்பது இதே ஜப்தி அதிகாரம்தான். அதை அடியோடு ஒழித்துவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதமாகும். அந்த இழப்பு வலியவரைவிட எளியவரையே அதிகம் தாக்கும். ஆகவே கேள்வி அதிகாரம் வேண்டுமா என்பதன்று, யாரிடம், எதை அறிந்தபின் அதைப் பயன்படுத்துவது என்பதே.

கட்ட முடியாதவரையும் கட்ட மனமில்லாதவரையும் வேறுபடுத்திக் காட்ட அச்சத்தால் ஆகாது என்பதில்தான் இம்முறையின் பெருங்குறை இருக்கிறது. வரிபாக்கிக்காக முதல்முறை வரும் பெய்லிஃப் கதவை உடைத்தோ ஆளைத் தள்ளியோ நுழைய முடியாது. அவர் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையிலேயே வரலாம். வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் இருந்தால் நுழையவே கூடாது. இவற்றை அறிந்தவர், வசதியிருந்தும் ஏய்ப்பவரே ஆயினும், கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அறியாதவர் கதவைத் திறந்து, பொருள்களை விற்கமாட்டேன், தவணையில் கட்டுவேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தவணை தவறினால் அறிவிப்புக்குப் பின் கதவை உடைத்தும் நுழையும் உரிமையைத் தம்மையறியாமலே தந்துவிடுகிறார். அல்லது கந்துவட்டிக்கு வாங்கி இந்தக் கடனை அடைக்கிறார். ஆங்கிலம் சரளமாகப் படிக்கவராத புலம்பெயர்ந்தோர், லண்டனின் தமிழ் முதியோர் உட்பட, இந்த அறியாதோர் வகையில் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

இந்நிலையில் கதவைத் திறக்க மறுப்பவரைக் குறைகூற இடமில்லை. சட்டமே தந்த காப்பு அது. நானூறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் நிலைபெற்றிருப்பதும்கூட. ஆனால் அந்தக் காப்புக்குள் என்ன செய்கிறார் என்பது வேறு. காரை உறவினர் பெயருக்குப் பொய்யாக மாற்றுவதும், வருமானத்தை மறைத்து ஏழ்மையை நடிப்பதும் அண்டைவீட்டாரை ஏமாற்றுவதேயன்றி வேறில்லை. வரவுசெலவைத் தாளில் எழுதி மன்றத்துக்கு அனுப்பி, இதற்குமேல் இயலாது என்று சொல்லும் கடமை கடனாளிக்கு உண்டு. 2021 மே மாதம் முதல், கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்து 60 நாள் அவகாசம் பெறும் வழியும் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருக்கிறது; அந்நாள்களில் பெய்லிஃப் நடவடிக்கை நின்றுவிடும். அதைக் கடனைச் சீர்செய்யப் பயன்படுத்துவது முறை; நாளைக் கடத்தப் பயன்படுத்துவது ஏய்ப்பு.

அப்படியிருந்தும் இரு தரப்பின் பொறுப்பும் சமம் என்று சொல்லிவிட முடியாது. கடன் கொடுத்த தனியாருக்கு எதிரே நிற்பவரின் நிலைமை தெரியாமலிருக்கலாம். உள்ளாட்சி மன்றமோ யார் உதவித்தொகை பெறுகிறார், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதைப் பலவேளைகளில் தன் கோப்புகளிலேயே வைத்திருக்கிறது. சம்பளத்தில் சிறுகச் சிறுகப் பிடித்தம் செய்யும் வழியும் அதற்கு உண்டு. லண்டனின் ஹாமர்ஸ்மித் - ஃபுல்ஹாம் மன்றம் 2018இல் கவுன்சில் வரிக்காகப் பெய்லிஃபை அனுப்புவதை நிறுத்தியது. ஆகவே கட்டும் திறன் உண்டா என்று முதலில் விசாரிக்கும் கடமை மன்றத்துடையது. அந்த விசாரணைக்கு ஆகும் செலவும் மன்றத்துடையதாகவே இருக்கவேண்டும், கடனாளியின் கணக்கில் ஏறலாகாது. அவ்விசாரணை நடைபெறாமல் அனுப்பப்படும் பெய்லிஃபின் வருகை, சட்டப்படி செல்லுபடியாவதாயினும், அநீதியே.