சாவி கொடுத்த பின்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசி, மேலகரம், இலஞ்சி எல்லாமே சீசன் ஊர்தான். காலியான வீட்டுக்கு நாள் வாடகைக்கே ஆள் வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டைக் காலி செய்து வளைகுடாவுக்குப் புறப்பட்ட குடும்பம் ஒன்று எனக்கு மிக நெருக்கம். சித்தி மகன் குடும்பம். கரண்டு பில் கட்டி, தரையைக் கழுவி, சாவியை உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அட்வான்ஸ் பணம் மட்டும் அவரிடம் நின்றுபோனது.

முதலில் “சீசன் முடியட்டும்” என்றார். பிறகு வேறு ஆள் குடிவரட்டும் என்றார், பெயிண்ட் அடித்த கணக்குச் சொன்னார், அப்புறம் போனே எடுக்கவில்லை. உள்ளூரில் இருப்பவன் சாயங்காலம் ஒரு நடை போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடலாம். முகத்தைப் பார்த்துவிட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூசும். கடல் தாண்டியவனுக்கு அந்த நடையும் இல்லை, திண்ணையும் இல்லை. அவனிடம் இருப்பது சொல் ஒன்றுதான்.

ஒரு ராத்திரி ஷார்ஜாவிலிருந்து தம்பி கேட்டான்: “விட்ருவமா அண்ணே? சாமிக்குப் போட்டதா நெனச்சுக்கிடுதேன்.”

பற்றை விடு என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனாலும் அவன் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. விட வேண்டியது மனக்கசப்பை. நியாயமாகக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால், வைத்திருப்பவரின் கணக்கும் தீராமல் நிற்கும். அவரையும் அந்தப் பாரத்தோடு விட்டுவிடுவது அருளாகாது.

பொருளை வைத்திருப்பவரின் பாரத்தைப் பெரியபுராணம் ஆழமாகவே பார்த்திருக்கிறது. தில்லையில் மண்பாண்டம் செய்து வாழ்ந்த திருநீலகண்டரிடம் சிவன் ஒரு யோகியாக வந்து திருவோட்டைக் கொடுத்து, நான் கேட்கும்போது தா என்று சொல்லிவிட்டுப் போகிறார். திரும்பி வந்து கேட்கையில் ஓடு இருந்த இடத்தில் இல்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று திருநீலகண்டர் மன்றாடுகிறார். யோகி ஏற்கவில்லை, வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைவரை போகிறது. பொன்னும் அல்ல, மணியும் அல்ல, பிச்சை எடுக்கும் ஓடு. அதைத் திருப்பித் தர முடியவில்லையே என்று அந்த மனிதர் படும் தவிப்பு என்னை எப்போதும் உலுக்கும். கொடுத்தவர் நேரில் வந்து கேட்பதற்கு முன்பே அந்தத் தவிப்பு வந்துவிட்டால் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

இப்படி நம்பிக் கொடுத்து வைத்த பொருளைக் கடையநல்லூர்ப் பக்கம் முஸ்லிம்கள் அமானிதம் என்பார்கள். 622-இல் நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்டபோது, மக்கள் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ அவர்களை ஊரில் நிறுத்திவிட்டுப் போனார்கள் என்று வரலாறு சொல்கிறது. பகைத்தவர்களின் பொருளும் அதில் இருந்ததாம். உயிருக்கு ஆபத்தான இரவிலும் அந்தக் கணக்கு மறக்கப்படவில்லை.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் தந்துவிட வேண்டும் என்கிறது. தம்பிக்கு நான் அதையும் சொன்னேன். ஆனால் எந்த மனதோடு கேட்பது என்பதைச் சட்டம் சொல்லித் தராது.

அதற்குத் தென்காசிக் கோயிலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தான் போன பிறகு வந்து பார்க்க முடியாத காலத்துக்காகக் கல்லில் சொல் விட்டுச் சென்றான். தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று சபிக்கும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம். பாண்டியனும் அப்படி எழுதியிருக்கலாம். அவனோ, இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்பவர்களின் பாதத்தில் விழுந்து வணங்குகிறேன் என்று எழுதினான். முகம் தெரியாதவர்கள், இன்னும் பிறக்காதவர்கள். அவர்களை விரட்ட அவனிடம் எந்தப் படையும் இருக்கப்போவதில்லை. பிற்காலத்தில் கோபுரம் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டையாகவே நின்றது. சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்து 1990-இல் குடமுழுக்கு கண்டது. தொலைவிலிருந்து கேட்பவன் எதிரில் இருப்பவனை நல்லவனாக வைத்தே கேட்க முடியும் என்று அந்த அரசன் நம்பினான். நானும் அதை நம்புகிறேன். அது பலவீனம் இல்லை. ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டே, வணங்கவும் முடியும்.

தம்பியை ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். சாவி கொடுத்த தேதி, அட்வான்ஸ் தொகை, பெயிண்ட் செலவுக்கு ரசீது இருந்தால் கழித்துக்கொள்ளச் சம்மதம், சட்டம் சொல்லும் ஒரு மாதக் கெடு, பணம் போட வேண்டிய என்.ஆர்.ஓ. கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியில் அவனே ஒரு வரி சேர்த்திருந்தான்: வீட்டுக்கார ஆச்சிக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று. அந்த வரியை அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். கெடு தேதியையும்தான்.